கார்சினியா காப்ஸ்யூல் எடையையும் குறைக்கும், ஸ்டாமினாவையும் கூட்டும் என்கிறார்களே, வாங்கலாமா?

கால்நடையார்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன், 21 கிலோமீட்டர். இப்போது எடை 88, உயரம் ஐந்தடி எட்டு. பத்து கிலோமீட்டர் வரை சமாளித்துவிடுகிறேன், அதற்கு மேல் தொடை இறுகி நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். ஜிம் ட்ரெய்னர் ஒரு பாட்டிலைக் காட்டி, "சார், இது முழுக்க நேச்சுரல், தொப்பையும் கரையும், ரன்னிங்கில் மூச்சும் வாங்காது" என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே மூச்சு வாங்கியது. லேபிளில் இருப்பதை அப்படியே தட்டுகிறேன்: கார்சினியா கம்போஜியா சாறு (60 சதவீதம் எச்.சி.ஏ.), கிரீன் டீ சாறு, கிரீன் காபி சாறு, பைப்பரின். எல்லாம் சேர்த்து "புரொப்ரைட்டரி பிளெண்ட் 1600 மி.கி." யாராவது சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜிம்_பாண்டி:
அண்ணே, யோசிக்காமல் வாங்குங்கள். நான் சாப்பிடுகிறேன், நன்றாகக் குறைந்திருக்கிறது. பழைய பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. கூடவே ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி, சாயங்காலம் ஒரு மணி நேரம் வொர்க்அவுட்.

மருந்துச்சீட்டு:
பாண்டி தம்பி, ராத்திரிச் சோறு போச்சு, தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வந்தது. இதில் காப்ஸ்யூலுக்கு எதற்குப் பாராட்டு விழா?

ஜிம்_பாண்டி:
மேடம், அதையெல்லாம் முன்னாடியும் செய்து பார்த்தவன்தான். அப்போது பசி தாங்காது. இப்போது பசியே இல்லை, அதுதான் வித்தியாசம்.

சாளைக்கறி:
கார்சினியா கம்போஜியா என்று ஏதோ அமேசான் காட்டு மூலிகை மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, அது எங்கள் குடம்புளிதானே! குலசேகரம் பக்கம் எங்கள் அம்மை வீட்டுப் பறம்பில் இரண்டு மரம் நிற்கிறது. ஒன்று காய்க்கும், இன்னொன்று ஆண்மரம், பூக்கும், அவ்வளவுதான். விதை போட்டு முளைத்த மரம் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும், அதுவரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதனால்தான் இப்போது எல்லோரும் ஒட்டுக்கன்று வாங்கி வைக்கிறார்கள்.

பழம் மஞ்சளாக, குட்டிப் பூசணிக்காய் மாதிரி வரிவரியாக இருக்கும். நல்ல மழைக்காலத்தில் பழுத்து விழுவதால் வெயிலை மட்டும் நம்பி உணக்க முடியாது. கொட்டையை எடுத்துவிட்டு, தோடைக் கீறி, வெயில் கிடைக்கிற நாளில் காயவைத்து, பிறகு அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையில் விடுவார்கள். கறுகறுவென்று ஆனதும் உப்பும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பிசறி பரணி ஜாடியில் அடைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. அரைக்கிலோ சாளைக்கு மூன்று நான்கு துண்டு போதும். ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இந்தப் புளிதான், என் மாமாக்கள் அஞ்சு பேருடைய தொப்பையையும் பார்த்தால் யாரும் இதை எடை குறைக்கும் பொருள் என்று சொல்லமாட்டார்கள்.

வெள்ளவத்தை வாசி:
நாங்கள் இதைக் கொறக்கா என்கிறோம் அக்கா. சிங்களச் சமையலில் இது இல்லாமல் அம்புல் தியல் இல்லை. சூரை மீனைத் துண்டு போட்டு, அரைத்த கொறக்காவும் மிளகும் உப்பும் பூசி, தண்ணீர் வற்றும்வரை சட்டியில் விடுவார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாள் இருக்கும், புளிப்பு அப்படி.

சந்தேகப்பிராணி:
கொடுக்காப்புளியும் இதுவும் ஒன்றா? பள்ளிக்கூட வாசலில் விற்பார்களே?

சாளைக்கறி:
இல்லை மக்களே. அது சுருள் சுருளாக இருக்கும், வெள்ளைச் சதை, வேறு மரம். யூடியூபில் ஒருவர் அதைக் காட்டி "கார்சினியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார், நானும் பார்த்தேன்.

மருந்துச்சீட்டு:
சரி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் மதுரையில் மருந்தாளுநர். இந்தப் பாட்டில்கள் என் கவுன்டரிலும் விற்கின்றன, அதனால் இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம்தான்.

குடம்புளித் தோட்டில் இருக்கும் முக்கிய அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், சுருக்கமாக எச்.சி.ஏ. அது என்ன அமிலம் என்று சரியாகக் கண்டு சொன்னது நம் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்துக்காரர்கள், 1960களில். லூயிஸ், நீலகண்டன் என்று இருவர். அடுத்து 1969இல் அமெரிக்காவில் லோவன்ஸ்டைன் குழு ஒன்றைக் கவனித்தது. நம் உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வழியில் ஏ.டி.பி. சிட்ரேட் லயேஸ் என்று ஒரு நொதி வேலை செய்கிறது. சிட்ரேட்டை உடைத்துக் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருளைத் தருவது அதுதான். எச்.சி.ஏ. அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பு உற்பத்தி குறைந்தது, தீனியும் குறைவாகத் தின்றன. பாட்டில் வியாபாரம் மொத்தமும் இந்த எலிகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எலி வேறு, நாம் வேறு. சர்க்கரையை அள்ளிக்கொடுத்து வளர்க்கும் எலி, அதிலிருந்து நிறையக் கொழுப்பைப் புதிதாகத் தயாரிக்கிறது. மனிதர்கள் சாதாரணச் சாப்பாட்டில் அப்படி மாவிலிருந்து தயாரித்துக்கொள்ளும் கொழுப்பு கொஞ்சம்தான். நம் இடுப்பில் ஏறுவது பெரும்பாலும் சாப்பாட்டிலேயே வரும் எண்ணெய், நெய், தேங்காய். நாம் அதிகம் நடக்காத வழியில் கொண்டுபோய் ஒரு செக்போஸ்ட் வைத்து என்ன பயன்?

மனிதர்களில் ஒழுங்காகச் செய்த சோதனையும் இருக்கிறது. 1998இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஹேம்ஸ்ஃபீல்ட் குழுவினர் வெளியிட்டது. 135 பேர், 12 வாரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி நார்ச்சத்து அதிகமான, கலோரி குறைவான உணவு. பாதிப் பேருக்கு தினம் 1500 மி.கி. எச்.சி.ஏ., மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவில் எச்.சி.ஏ. சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ! புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் சும்மா மாத்திரை கொஞ்சம் முன்னால் நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சிரிப்புதான்.

ஜிம்_பாண்டி:
ஒரு சோதனையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு பேசினால் எப்படி? குறைந்தது என்று சொல்லும் சோதனைகளும் இருக்கின்றன, கூகுளில் தேடினால் வருகிறது.

மருந்துச்சீட்டு:
இருக்கின்றன, மறுக்கவில்லை. 2011இல் இங்கிலாந்தில் ஓனக்போயா என்பவரும் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். வித்தியாசம் சராசரியாக 0.88 கிலோ. சோதனைகள் எல்லாம் சில வாரங்கள் மட்டும் நடந்தவை, அதில் ஒழுங்காக நடத்தியவற்றை மட்டும் தனியே எடுத்தால் அந்த வித்தியாசமும் நிற்கவில்லை. 88 கிலோ ஆளுக்கு முக்கால் கிலோ சொச்சம். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் மெஷின் அதைத் திருப்பிக் காட்டிவிடும்.

கால்நடையார்:
எடை விஷயம் புரிந்தது மேடம். ஸ்டாமினா? எனக்கு உண்மையில் அதுதான் வேண்டும்.

மருந்துச்சீட்டு:
அங்கேயும் எலிக்கதைதான். ஜப்பானில் சுண்டெலிகளுக்கு எச்.சி.ஏ. கொடுத்தபோது சோர்வில்லாமல் அதிக நேரம் தாக்குப்பிடித்தன. கொழுப்பை எரித்து, தசையில் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனை மிச்சம் பிடிக்கிறது என்று விளக்கம். நீங்கள் சொல்லும் தொடை இறுக்கத்துக்கும் கிளைக்கோஜன் தீர்வதற்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 2000இல் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கே நிறைய எச்.சி.ஏ. கொடுத்து, இரத்தத்தில் அளவு ஏறியதையும் அளந்து பார்த்தார்கள். கொழுப்பு எரிவதில் ஒரு மாற்றமும் இல்லை. பயன் தெரிந்தது என்று சொல்லும் சின்னச் சின்ன ஆய்வுகளும் உண்டு, ஏழெட்டுப் பேரை வைத்துச் செய்தவை. அதை நம்பி இந்த விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

இயற்கைப்பிரியன்:
எல்லாம் சரி, ஆங்கில மருந்துக் கம்பெனிகளின் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து நம் பாரம்பரியப் பொருளை மட்டம் தட்டுவது வழக்கமாகிவிட்டது. இயற்கையில் கிடைப்பது உடம்பை என்ன செய்துவிடும்? பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே.

பெயர்_வேண்டாம்:
கெடுதல் இல்லையா? என் மச்சினன் கதையைக் கேளுங்கள். இதே மாதிரிக் கலவைதான், கார்சினியாவும் கிரீன் டீ சாறும் சேர்ந்தது, ஆன்லைனில் வாங்கினான். முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல். "பார், மருந்து வேலை செய்கிறது, பசி அடங்குகிறது" என்று அவனுக்குச் சந்தோஷம். அப்புறம் சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போக ஆரம்பித்தது, உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தான். கண் மஞ்சளானதும் என் மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அதையும் குடித்துக்கொண்டு காப்ஸ்யூலையும் விடாமல் போட்டான், இரண்டுமே இயற்கை அல்லவா! இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வைரஸ் மஞ்சள் காமாலைக்கான டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வேற என்னப்பா சாப்பிடுற?" அட்மிட் செய்தார்கள், பாட்டிலை நிறுத்தினார்கள், மெதுவாக இறங்கியது. நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் அந்த நாட்களில் என் தங்கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மருந்துச்சீட்டு:
அவர் தப்பித்தது பெரிய விஷயம். எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுக்கும் ஆய்வு வலையமைப்பு ஒன்று, கார்சினியாவோடு தொடர்புள்ள 22 பேரைப் பற்றி 2022இல் கட்டுரை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிரீன் டீயும் சேர்ந்த பொருளைச் சாப்பிட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு யாரும் காப்ஸ்யூல் வாங்கப் போவதில்லை.

2009 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹைட்ராக்சிகட் என்ற எடைக்குறைப்புப் பொருள்களை உடனே நிறுத்துங்கள் என்று எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பு உட்பட 23 புகார்கள், 19 வயதுப் பையன் ஒருவன் இறந்திருந்தான். அதிலும் பல சாறுகள் கலந்திருந்ததால் எது குற்றவாளி என்று தனியாகக் கை காட்ட முடியவில்லை. கலவை என்றாலே இந்தத் தொல்லைதான்.

இயற்கைப்பிரியன் சார், எட்டிக்காயும் இயற்கைதான். மரபில் இருந்தது மூன்று துண்டு புளி, மீனோடு, சோற்றோடு. அந்தப் புளிப்பைப் பிழிந்து கெட்டியாக்கி, வெறும் வயிற்றில், தினமும் மூன்று வேளை, மாதக்கணக்கில் விழுங்கச் சொன்னது எந்தப் பாட்டி? கிரீன் டீயும் அப்படித்தான். டம்ளரில் குடிப்பதில் பிரச்சினை இல்லை. சாறாக எடுக்கும்போது அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் தினம் 800 மி.கி.க்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. உங்கள் லேபிளில் கிரீன் டீ எவ்வளவு என்றே இல்லையே! புரொப்ரைட்டரி பிளெண்ட் என்று மொத்தக் கணக்கை மட்டும் போட்டால் 1600இல் 1500 எதுவாகவும் இருக்கலாம்.

இயற்கைப்பிரியன்:
பைப்பரின் மிளகிலிருந்து வருவது, அதையாவது விட்டுவைப்பீர்களா?

மருந்துச்சீட்டு:
ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். காப்ஸ்யூலில் அதைச் சேர்ப்பதே மற்ற பொருள்கள் உடம்பில் அதிகம் ஏறட்டும் என்றுதான், கூடவே நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளும் ஏறிவிடும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கார்சினியா பக்கமே போகவேண்டாம், செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் மிஞ்சிப்போய் ஆபத்தான சம்பவம் பதிவாகியிருக்கிறது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சந்தேகப்பிராணி:
கிரீன் காபி பற்றி யாரும் சொல்லவில்லையே. என் ஆபீஸில் பாதிப் பேர் அதைத்தான் குடிக்கிறார்கள்.

மருந்துச்சீட்டு:
அது இன்னும் மோசமான கதை. வெறும் 16 பேரை வைத்து இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எடை மளமளவென்று குறைந்ததாகச் சொன்னது. டாக்டர் ஆஸ் அமெரிக்க டி.வி.யில் தூக்கிப்பிடித்தார், விற்பனை பறந்தது. ஆய்வில் எடை அளவுகளையே மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள் என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனி 35 லட்சம் டாலர் கட்டியது, 2014இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு செனட் விசாரணையில் உட்கார்த்தி அந்த டாக்டரைக் கேள்வி கேட்டார்கள். கட்டுரை போய்விட்டது, பொட்டலம் உங்கள் ஆபீஸில் இருக்கிறது.

ஈ.சி.ஆர்_சைக்கிள்:
பசியே வராமல் "மேஜிக்" மாதிரிக் குறைந்தால் எனக்கு வேறு பயம் வரும். சிபுட்ரமின் என்று ஒரு பசி அடக்கும் மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் கூடுகிறது என்று 2010இல் பல நாடுகளில் எடுத்தார்கள், இந்தியாவில் 2011இல் தடை. அதை "ஹெர்பல்" என்று போட்ட காப்ஸ்யூலுக்குள்ளும் ஸ்லிம்மிங் காபிக்குள்ளும் சொல்லாமல் கலந்து விற்றதை எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. பாண்டி அண்ணே, உங்களுடையதில் இருக்கிறது என்று சொல்லவில்லை. நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, தூக்கம் கெடுவது இருந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள்.

ஜிம்_பாண்டி:
வாய் கொஞ்சம் காய்கிறது. அது வெயில்.

கால்நடையார்:
பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருக்கிறதே, அரசாங்கம் பார்த்துத்தானே கொடுத்திருக்கும்?

மருந்துச்சீட்டு:
14 இலக்க எண், உணவுப்பொருள் தயாரிக்க அந்தக் கம்பெனிக்கு உரிமம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் தொப்பை கரையும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போடவில்லை. அதே லேபிளில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றும் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். இன்னொன்று, 1954இல் வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. மருந்து என்று சொல்லி அதைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அதனால்தான் விளம்பரத்தில் "எடை மேலாண்மைக்கு உதவும்" என்று வழுக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஈ.சி.ஆர்_சைக்கிள்:
கால்நடையார், ஸ்டாமினாவுக்கு இயற்கையாகத்தான் வேண்டும் என்றால் பீட்ரூட்டைப் பிடியுங்கள். 2009இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் தினம் அரை லிட்டர் பீட்ரூட் சாறு ஆறு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே கடினமான வேகத்தில் மிதித்தபோது களைத்து விழும்வரை போன நேரம் சுமார் 16 சதவீதம் கூடியது. போட்டி நேரம் 16 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒன்று இரண்டு சதவீதம் கிடைத்தாலே அதிகம், நன்றாகப் பயிற்சி பெற்ற வீரர்களுக்கு அதுவும் சந்தேகம். அதிலுள்ள நைட்ரேட்டை வாயில் இருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், பிறகுதான் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது, தசை குறைந்த ஆக்சிஜனில் வேலை செய்கிறது. மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அந்த பாக்டீரியா போய்விடும், சாறும் வீண். ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குடியுங்கள், சர்க்கரை போடாமல். மறுநாள் கழிப்பறையில் சிவப்பைப் பார்த்து அலறாதீர்கள், அது பீட்ரூட். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் வேண்டாம், ஆக்சலேட் அதிகம்.

அடுத்தது காபி. கஃபீன் உடல் எடை கிலோவுக்கு 3 மி.கி. அளவில் இருந்தே ஓட்டத்துக்கு உதவும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம், 2004இலிருந்து ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இல்லை. பாதி சிக்கரி கலந்த தூளில் போட்டுவிட்டுக் கணக்குத் தப்புகிறது என்று சொல்லாதீர்கள். புதிதாக எதையும் போட்டி அன்று காலையில் முயற்சி செய்யவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பத்து கிலோமீட்டரில் தொடை இறுகுவது பாட்டில் பிரச்சினையே இல்லை. ஆரம்பத்தில் வேகமாக ஓடுகிறீர்கள் என்று என் ஊகம். முதல் ஐந்தைப் பக்கத்தில் ஓடுகிறவருடன் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஓடிப்பாருங்கள்.

கால்நடையார்:
முதல் ஐந்து கிலோமீட்டரில் என்னை யாராலும் பிடிக்க முடியாது, அதில் எனக்கு ஒரு பெருமை. சரி, இந்த வாரம் அடக்கிப் பார்க்கிறேன். பாட்டில் வேண்டாம் என்று ட்ரெய்னரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. சாளைக்கறி அக்கா, நல்ல குடம்புளி எப்படிப் பார்த்து வாங்குவது?

சாளைக்கறி:
நல்ல கறுப்பாக, தொட்டால் கொஞ்சம் வழவழப்பாக, புகை மணத்தோடு இருக்கவேண்டும். பழுப்பாக, வெடவெடவென்று காய்ந்து கிடப்பதை வாங்காதே தம்பி. நன்றாகக் கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு மண்சட்டியில் ஊற்று. கறி ரொம்பப் புளித்தால் துண்டை எடுத்து வெளியே போட்டுவிடு.

ஜிம்_பாண்டி:
எல்லோரும் சேர்ந்து பயமுறுத்திவிட்டீர்கள். இருந்தாலும் காசு கொடுத்து வாங்கியது, இருக்கிற பாட்டிலை முடித்துவிட்டுத்தான் விடுவேன்.

மருந்துச்சீட்டு:
உங்கள் காசு, உங்கள் கல்லீரல். நாளைக் காலையில் ஒரு எல்.எஃப்.டி., அதாவது கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், சாதாரண லேப்பிலேயே செய்வார்கள். எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தால் பாட்டிலோடு டாக்டரைப் பாருங்கள், லேபிளைக் கிழித்துவிடாதீர்கள், அவருக்கு அது வேண்டும். ரிசல்ட் நார்மல் என்றாலும் குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் நிறம் மாறுவது, எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்துங்கள். அந்த நாட்களில் தண்ணியடிப்பதும் தலைவலிக்குப் பாராசிட்டமாலை இஷ்டத்துக்குப் போடுவதும் வேண்டாம்.

ஜிம்_பாண்டி:
எல்.எஃப்.டி.க்கு வெறும் வயிற்றில் போகணுமா மேடம்?

மருந்துச்சீட்டு:
கட்டாயம் இல்லை. சர்க்கரை, கொழுப்பு டெஸ்டும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் சாப்பிடாமல் போங்கள். காப்ஸ்யூலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.